குடையோடு கிளம்பும் சந்தேகம்

கேள்வி: என் மகள் எடின்பரோவில் படிக்கிறாள். அவள் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாள், 'ஐ டூட் இட்'ல் ரெயின்' என்று சொல்லிக்கொண்டே குடையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாராம். 'டூட்' என்பது 'டவுட்'தானாம். மழை வருவதே சந்தேகம் என்றால் குடை எதற்கு?
– வாசகி, கோவை

பதில்: நல்ல இடத்தில் பிடித்திருக்கிறீர்கள், அம்மா. அவர் சொல்வது, 'மழை வரும்போல இருக்கிறதே' என்றுதான். குடை எடுத்தது சரியே.

ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. ஆங்கிலத்தோடு ஒரே வேரில் கிளைத்த ஸ்காட்ஸ் மொழி பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறது, கைவிட்டது ஆங்கிலம்தான்.

லத்தீனில் 'டுபிடாரே' என்றால் இரண்டுக்கும் நடுவே ஊசலாடுவது. பழைய பிரெஞ்சுக்கு வந்தபோது அதோடு 'அஞ்சுவது' என்ற பொருளும் சேர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்ததும் இந்த இரண்டு பொருளோடும்தான். (எழுத்தில் நிற்கும் 'பி', பிற்பாடு லத்தீனைப் பார்த்துப் பண்டிதர்கள் செருகியது.) அஞ்சுகிறவர் மனத்தில், வேண்டாதது நடந்துவிடும் என்ற எண்ணம் ஏற்கெனவே இருக்கிறது. அங்கிருந்து 'நடக்கும் என்று சந்தேகிப்பது' ஓர் எட்டுதான். 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட 'ஹாம்லெட்' நாடகத்தில், தந்தையின் ஆவி உலவுவதைக் கேட்ட இளவரசன் 'டவுட்' என்று சொல்வது, ஏதோ சூது நடந்திருக்கிறது என்ற பொருளில்.

பிறகு ஆங்கிலத்தில் 'நம்பாமை' மட்டும் தங்கியது. இதைப் பொருட்குறுக்கம் என்பார்கள். அதாவது, ஒரு சொல் தன் பொருள்களில் சிலவற்றை உதிர்த்துவிடுவது. நம் 'சந்தேகம்' இன்னும் குறுகவில்லை. 'அவன் வருவது சந்தேகம்' என்றால் வரமாட்டான். 'அவன்தான் எடுத்திருப்பான் என்று சந்தேகம்' என்றால் எடுத்திருப்பான். இந்த இரண்டாவது சந்தேகம்தான் 'டூட்'.

மகளிடம் சொல்லிவையுங்கள்: 'டூட்'டுக்குப் பின்னால் வருவது பெரும்பாலும் யாரும் விரும்பாத செய்தியாக இருக்கும். மழை, தவறிப்போன பஸ், காய்ச்சல். எதிர்மறை வந்தால் இன்னும் கவனம் வேண்டும். 'ஐ டூட் ஹீ'ல் நோ கம்' என்பதில் 'நோ' என்பது 'நாட்'. அவன் வரமாட்டான் என்றே அதற்குப் பொருள். ஆங்கிலக் கணக்குப் போட்டால் வருவான் என்று வாசலில் காத்திருக்க நேரும்.