ஒரு துளிக் குருதி

நுழையும்முன்

பிறந்த குழந்தை நலமாகத் தோன்றினாலும், கண்ணுக்குப் புலப்படாத குறையொன்று அதன் உடலில் இருக்கக்கூடும். அக்குறையால் தீங்கு விளையுமுன் அதனைக் கண்டறிந்து தடுக்கும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

நொதியின் குறைபாடு

உணவிலுள்ள புரதம் செரிமானத்தின்போது அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றை உடலுக்கு ஏற்றவாறு மாற்றுபவை நொதிகள். ஃபீனைல்அலனின் என்னும் அமினோ அமிலத்தை மாற்றும் நொதி குறைந்தால், அவ்வமிலம் குருதியில் மிகுந்து மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இதுவே ஃபீனைல்கீட்டோனூரியா எனப்படும் மரபுவழி வளர்சிதை மாற்றக் குறைபாடு. பிறக்கும்போது இதன் அறிகுறி தெரியாது. சில மாதங்களில் வளர்ச்சிக் குறைவும் வலிப்பும் வெளிப்படும். அதன்பின் மருத்துவம் செய்தாலும் மூளை அடைந்த பாதிப்பை முழுமையாகச் சீராக்க இயலாது.

கண்டறிந்த வரலாறு

1934இல் நார்வே நாட்டு மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங், அறிவு வளர்ச்சி குன்றிய உடன்பிறந்தோர் இருவரின் சிறுநீரை ஆராய்ந்து இந்நோயை அடையாளம் கண்டார். 1950களில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஹார்ஸ்ட் பிக்கலும் அவர்தம் குழுவினரும், ஃபீனைல்அலனின் குறைந்த உணவைச் சிறுமி ஒருத்திக்கு அளித்து முன்னேற்றம் கண்டனர். உணவே மருந்தாயிற்று. ஆயினும், மூளை பாதிக்கப்படுமுன் நோயை அறிவது எவ்வாறு? இவ்வினாவுக்கு அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் கத்ரி விடை கண்டார். குழந்தையின் குதிகாலில் எடுத்த குருதித்துளிகளை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் எளிய முறையை அவர் 1963இல் வெளியிட்டார்.

தொலைவு தடையன்று

பொதுவாகக் குழந்தை பிறந்து 24 முதல் 72 மணி நேரத்திற்குள் இச்சோதனைக்குக் குருதி எடுப்பர். உலர்ந்த தாளை அஞ்சலிலும் அனுப்பலாம். ஆதலால், திண்டுக்கல் சமவெளியிலுள்ள சித்தையன்கோட்டை போன்ற பேரூரில் பிறக்கும் குழந்தையின் குருதியையும் தொலைவிலுள்ள ஆய்வகத்தில் சோதிக்க இயலும். இன்றைய கருவிகள் ஒரே குருதிப் பொட்டிலிருந்து பல குறைபாடுகளை அறிய உதவுகின்றன.

குறைபாட்டிற்கேற்ற மருத்துவம்

முதற்சோதனையில் ஐயம் எழுந்தால், மறுசோதனையால் உறுதிசெய்த பின்னரே நோய் உண்டெனக் கொள்வர். ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளோர்க்கு அளவிட்ட புரத உணவும் சிறப்புப் பால்மாவும் தேவை. இக்கட்டுப்பாடு வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். கேலக்டோசீமியா உள்ள குழந்தைக்கோ, அமுதெனப் போற்றப்படும் தாய்ப்பாலே தீங்காகும். உடனே மாற்றுப்பால் அளிக்க வேண்டும். பயோட்டினிடேஸ் குறைபாட்டிற்கு நாள்தோறும் பயோட்டின் என்னும் வைட்டமின் அளித்தால் போதும்.

உறவுத் திருமணமும் மரபும்

இக்குறைபாடுகளுள் பெரும்பாலானவை, பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறுபட்ட மரபணுவைப் பெறும் குழந்தைக்கே வருகின்றன. அத்தகைய பெற்றோர்க்கு ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணக்கும் வழக்கம் உள்ள குடும்பங்களில், இருவரிடமும் ஒரே மரபணு மாற்றம் அமையும் வாய்ப்பு மிகுதி. எனவே, குழந்தையின் குறைக்குத் தாயைப் பழிப்பது அறியாமை. மரபியல் ஆலோசனை பெறுவதே அறிவுடைமை.

இந்தியாவில் பிறக்கும் குழந்தைகள் அனைவருக்கும் இச்சோதனை இன்னும் கிட்டவில்லை. குழந்தையின் வாழ்நாள் அறிவைக் காக்கும் இச்சோதனை எவ்வூரிலும் கிடைக்கச் செய்வது சமூகத்தின் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. நோயறிதலில் காலம் பெறும் இடத்தைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில், பிறந்த குழந்தைகளுக்குச் செய்யப்படும் சோதனைகளைக் கேட்டறிந்து குறிப்பு எழுதுக.