ஒல்லியாக இருக்கும் எனக்கு ஏன் சர்க்கரை?

கேள்வி: சொந்த ஊர் சேலம். புனே ஹிஞ்சவடியில் ஐ.டி. வேலை. வயது 38, உயரம் 170 செ.மீ., எடை 66 கிலோ. பார்ப்பவர்கள் ஒல்லி என்றுதான் சொல்வார்கள். தொப்பை மட்டும் கொஞ்சம் உண்டு. ஆபீஸ் செக்கப்பில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. 6.1 என்று வந்தது. 'சர்க்கரை எட்டிப்பார்க்கிறது, வெயிட்டைக் குறையுங்கள்' என்றார்கள். குறைக்க என்னிடம் என்ன இருக்கிறது டாக்டர்? அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு. வியாழன்தோறும் விரதமிருந்து, சோற்றுக்குப் பதில் சாபுதானா கிச்சடி சாப்பிடுகிறேன். போதுமா? இரண்டாவது குழந்தைக்குத் திட்டமிட்டிருக்கிறோம் என்பதால் பயம் கூடியிருக்கிறது.

பதில்: உங்கள் கேள்விக்கு நீங்கள் இருக்கும் ஊரிலேயே விடை கண்டிருக்கிறார்கள். புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக், தன் படத்தையும் லண்டன் பேராசிரியர் ஜான் யுட்கினின் படத்தையும் 2004-ல் 'லான்செட்' இதழில் பக்கத்துப் பக்கத்தில் போட்டார். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. இருவருக்கும் 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். உங்கள் பி.எம்.ஐ. 22.8. நம்மவர்களுக்கு 23-ஐத் தொட்டாலே அதிக எடைக் கணக்குதான்.

இது கருவிலேயே தொடங்கும் கதை. 1993 முதல் புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் யாஜ்னிக் குழு தொடர்ந்து கவனித்தது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. புனேக் குழந்தைகளுக்குத் தசை குறைவு, வயிறும் சிறியது. ஆனால் முதுகுத் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. வெளியே மெலிவு, உள்ளே கொழுப்பு. சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்து, ஈரலிலும் கணையத்திலும் கொழுப்பு ஏறினால் இன்சுலின் திணறிப்போகும்.

அதனால் தராசைக் கொஞ்சநாள் ஒதுக்கிவையுங்கள். டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது. பேன்ட் சைஸைக் கணக்கில் எடுக்க வேண்டாம். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழேதான் மாட்டுகிறோம்.

இனி சாபுதானா. அது உங்கள் சேலத்து ஜவ்வரிசியேதான்! மரவள்ளிக் கிழங்கு மாவை உருட்டி வறுத்த மணி அங்கிருந்து லாரியேறி மகாராஷ்டிரத்துக்கு வந்து விரதச் சாப்பாடாகிறது. ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. புரதமும் நார்ச்சத்தும் பேருக்குத்தான். உருளைக்கிழங்கும் நெய்யும் சேர்த்து ஒரு தட்டு சாப்பிட்டால் சோற்றைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை. விரதத்தை விடச் சொல்லவில்லை. அங்கேயே விரதத்துக்கு ஏற்ற ராஜகிரா மாவு, அதாவது தண்டுக்கீரை இன விதையின் மாவு, கடையில் கிடைக்கும். அதில் ஒரு ரொட்டி, ஒரு கிண்ணம் தயிர், ஒரு பிடி வேர்க்கடலை. இவ்வளவு போதும்.

மற்ற நாட்களுக்குப் புனேயின் சாப்பாடே உங்களுக்குத் துணை. ஜோவார் பாக்ரி நம் சோளரொட்டிதான். மட்கி உசல், முளைகட்டிய நரிப்பயறு. மிசல் சாப்பிட ஆசை வந்தால் பாவ் ரொட்டியையும் மேலே தூவும் ஃபர்சான் மிக்சரையும் விட்டுவிட்டு, பயறை இரண்டு கரண்டி கூடப் போடச் சொல்லுங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு ஆபீஸ் விட்டு வந்து குவித்து உண்ணும் சோறுதான் என் கவலை. அதைப் பாதியாக்கி, அந்த இடத்தில் காய்கறியையும் பருப்பையும் வையுங்கள். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள், இருக்கும் தசையும் கரையும். தினம் அரைமணி வேகநடை. வாரத்தில் மூன்று நாளாவது நாற்காலியிலிருந்து கையூன்றாமல் உட்கார்ந்து எழும் பயிற்சி.

எடை இறங்கவில்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரையின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சேர்த்து நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவும் நடையும் மாறியதால் மூன்றாண்டில் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. எடையோ பெரிதாக இறங்கவே இல்லை. மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1.சி. மறுபடி பாருங்கள், 5.7-க்குக் கீழே வர வேண்டும்.

ஒன்று பாக்கி. புனே கிராமங்களின் தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவு. பி12 குறைந்து ஃபோலேட் மிகுந்திருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் ஆறு வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு கூடுதலாகத் தென்பட்டது. அதற்காக ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, அது கட்டாயம் வேண்டும். உங்கள் மனைவி சைவமாக இருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே பி12 அளவைப் பார்த்து, குறைவாக இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் மாத்திரை எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இந்த வாரமே போய்விட்டு வாருங்கள்.