நாற்பது வருடமாக ஓடும் வயரிங்: மாற்றித் தர வேண்டியது யார்?

கேள்வி: மங்கலம்பேட்டையில் பழைய ஓட்டு வீடு ஒன்றில் ஆறு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். தேக்குச் சட்டத்தின் மேல் ஓடும் அந்தக் கால வயரிங், மெயின் போர்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். மழைக்காலத்தில் சுவரிலும் தண்ணீர்க் குழாயிலும் லேசாக ஷாக் அடிக்கிறது. மாற்றித் தரச் சொன்னால், "நாற்பது வருஷமா இப்படித்தான் ஓடுது, ஈபிகாரங்களே ஒண்ணும் சொல்லல. வேணும்னா உங்க செலவுல மாத்திக்குங்க" என்கிறார் வீட்டுக்காரர். வாடகை ஒப்பந்தத்தில் 'மின் பராமரிப்பு வாடகைதாரர் பொறுப்பு' என்று ஒரு வரி இருக்கிறது. சட்டம் என்ன சொல்கிறது?
– வாசகர், மங்கலம்பேட்டை

பதில்: சுவரில் ஷாக் அடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் சட்டத்துக்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கோ ஒயரின் உறை போய், கரண்ட் ஈரச் சுவரில் கசிகிறது. எந்த லைனில் கசிவு என்று தெரிந்தால் அதை இன்றே மெயினில் நிறுத்துங்கள். தெரியாவிட்டால், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை மெயினையே அணைத்து வையுங்கள். பழைய வீடென்றால் இப்படித்தான் இருக்கும் என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள்.

இனி கேள்விக்கு வருகிறேன். வயரிங்கை மாற்றித் தர வேண்டியவர் வீட்டு உரிமையாளர்தான். நாற்பது வருடக் கணக்கு அவருக்குத் துணை நிற்காது. அந்த வீட்டுக்கு வயரிங் செய்த நாளில் நடைமுறையில் இருந்தவை 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள். கட்டடத்துக்குள் இருக்கும் மின் அமைப்பை அதை வைத்திருப்பவர் எப்போதும் பாதுகாப்பான நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று அந்த விதிகளே சொல்லின. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வந்த பிறகு மத்திய மின்சார ஆணையம் 2010இலும் 2023இலும் கொண்டுவந்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் இதே கடமை தொடர்கிறது. இது வயரிங் போட்ட அன்று நிறைவேற்றிவிட்டு மறந்துவிடக்கூடிய கடமை அல்ல, ஒவ்வொரு நாளும் இருக்கிற கடமை. அன்றைய வயரிங் அன்றைக்குச் சரியாக இருந்திருக்கலாம். ஆனால் அக்கால ரப்பர் உறை ஒயர் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்துபோகும். ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றி ஒயரை லேசாக வளைத்தால் உறை பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கம்பி வெளியே தெரியும். விளக்கு அப்போதும் எரியும், ஃபேன் அப்போதும் சுற்றும். ஆகவே 'ஓடுகிறது' என்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது. அத்தாட்சி தருவது மெக்கர் சோதனை. 500 வோல்ட்டில் பார்க்கும்போது மின் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே குறைந்தது ஒரு மெகாஓம் தடை காட்ட வேண்டும் என்பது விதி.

"ஃபியூஸ்தான் இருக்கிறதே" என்று அவர் அடுத்துச் சொல்லக்கூடும். விருத்தாசலம் சூளைகளில் வெந்து வரும் பீங்கான் நல்ல பொருள், தீப்பிடிக்காது, கரண்டைக் கடத்தாது. கட்டையின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் ஃபியூஸ் காப்பது ஒயரை மட்டும்தான், மனிதரை அல்ல. ஐந்து ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 5,000 மில்லிஆம்பியர். ஓர் ஆளின் உடம்பு வழியாக 30 மில்லிஆம்பியருக்கு மேல் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து தொடங்கிவிடும். சாதாரண 40 வாட் குண்டு பல்பு இழுப்பதில் ஆறில் ஒரு பங்குதான் அது. ஃபியூஸ் அதைக் கவனிக்கவே கவனிக்காது. இரண்டு மூன்று இழை செம்புக் கம்பியை முறுக்கி ஃபியூஸ் கட்டியிருந்தால் ஒயருக்கும் காப்பு இல்லை. இதனால்தான் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியை (கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேளுங்கள்) வீடுகளில் பொருத்த வேண்டும் என்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பகிர்மான விதித்தொகுப்பைத் திருத்திக் கட்டாயமாக்கியது. அதைப் போட்டால் அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்று கழற்றிவிடுகிற எலக்ட்ரீஷியன்கள் உண்டு. ட்ரிப் ஆவதே கசிவு இருப்பதற்கான சாட்சி. கருவியைக் கழற்றக் கூடாது, கசிவைத் தேடிச் சரிசெய்ய வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: ஓவர்லோடை இந்தக் கருவி தடுக்காது. அதற்கு எம்.சி.பி. தனியாக வேண்டும், எர்த்தும் சரியாக இருக்க வேண்டும்.

ஈபிகாரர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்பதற்கும் பதில் உண்டு. மின்வாரியத்தின் பொறுப்பு மிகக் கடுமையானது, ஆனால் அதற்கு எல்லை இருக்கிறது. சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியில் பட்டு சைக்கிளில் வந்த தொழிலாளி இறந்த வழக்கில் (மத்தியப் பிரதேச மின்வாரியம் எதிர் ஷைல் குமாரி, 2002), யாரோ திருட்டுத்தனமாக ஒயர் இழுத்ததால் நடந்தது என்ற வாரியத்தின் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அலட்சியம் நிரூபிக்கப்படாவிட்டாலும் வாரியம் இழப்பீடு தர வேண்டும் என்றது. அது வாரியத்தின் கம்பி. மீட்டரைத் தாண்டி உள்ளே ஓடும் ஒயர் வீட்டுக்காரருடையது. மீட்டர் மாற்ற வந்தவர் பேசாமல் போனதை உள் வயரிங்குக்குக் கிடைத்த சான்றிதழாகக் கொள்ள முடியாது.

வாடகைச் சட்டத்துக்கு வருவோம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் பேரூராட்சிகளுக்கும் பொருந்தும். மங்கலம்பேட்டை பேரூராட்சிதான். பராமரிப்பை இரண்டாகப் பிரிக்கும் இரண்டாவது அட்டவணையில், உள் வயரிங்கும் வெளி வயரிங்கும் உரிமையாளர் பங்கு. ஸ்விட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் பழுது, சாதனங்கள் ஆகியவை உங்கள் பங்கு. உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் 'மின் பராமரிப்பு' என்ற வரியை இந்த அட்டவணையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ஸ்விட்ச் மாற்றுவது பராமரிப்பு. வீடு முழுக்க ஒயர் இழுப்பதைப் பராமரிப்பு என்ற சொல்லுக்குள் திணிக்க முடியாது என்பதே என் கருத்து. வாடகை குறைவு, ரீவயரிங் செலவு அதிகம் என்று அவர் சொன்னால், அந்தக் கஷ்டம் உண்மையானதுதான். அதை வாடகை உயர்வு பற்றிய பேச்சாகவோ, வேலையைக் கட்டம் கட்டமாகச் செய்யும் ஏற்பாடாகவோ தீர்த்துக்கொள்ளலாம். ஆனால் சொத்து அவருடையது, புது வயரிங்கும் அதோடுதான் தங்கப்போகிறது. அவர் பக்கம் நியாயம் இருக்கும் ஓர் இடமும் உண்டு: ஏ.சி., ஹீட்டர் என்று அனுமதித்த மின்பளுவுக்கு மேல் நீங்கள் சேர்த்திருந்தால் அந்தச் சுமை உங்களால் வந்தது. கூடுதல் பளுவுக்கு அவர் பெயரில் விண்ணப்பிக்கச் செய்து அதற்கான கட்டணத்தை நீங்கள் ஏற்பதுதான் முறை.

செய்ய வேண்டியது இதுதான். அரசு உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை அழைத்து மெக்கர் சோதனை செய்யுங்கள். பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் மாற்றுவதைத் தாண்டிய எந்த மின்வேலையையும் உரிமம் உள்ளவர்தான் செய்யலாம் என்பது விதி. உரிம எண்ணோடு அறிக்கையை எழுதி வாங்குங்கள். அதன் நகலை இணைத்து, நாள் குறித்து, உரிமையாளருக்குக் கடிதம் எழுதி ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். வாயால் ஆயிரம் முறை சொன்னதற்கு நீதிமன்றத்தில் சாட்சி கிடையாது. கடிதம் கிடைத்த பிறகும் அசட்டையாக இருந்து ஓர் உயிர் போனால், தெரியாது என்று அவர் தப்ப முடியாது. அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டுவரை சிறை உண்டு.

அதற்கும் அவர் அசையாவிட்டால், வேலையை நீங்களே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ள இதே வாடகைச் சட்டம் இடம் தருகிறது. ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. பில், உரிம எண், கடித நகல் மூன்றும் கையில் இருக்கட்டும். தகராறு வந்தால் உங்கள் பகுதிக்கான வாடகை அதிகாரியிடம் போகலாம். கோபத்தில் அவர் கரண்டை நிறுத்தினாலும் அங்கேதான் முறையிட வேண்டும், அத்தியாவசிய வசதியைத் துண்டிப்பதை இச்சட்டம் தடை செய்கிறது. ஆனால் முதல் கடிதத்தை அனுப்புமுன் ஒப்பந்தத்தின் காலக்கெடுவைப் பாருங்கள். முடிந்து, புதுப்பிக்காமல் விட்டிருந்தால், எழுத்து ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாக்கி வீட்டைக் காலி செய்யக் கேட்க 21ஆம் பிரிவு அவருக்கு வழி விடுகிறது. அப்படியானால் முதலில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் பதிவு செய்யுங்கள், வயரிங் பற்றிய வரியையும் அப்போதே திருத்தி எழுதிக்கொள்ளலாம்.