கண்ணுக்குப் புலனாகா எல்லை

புதுச்சேரி ஆட்சிப் பகுதியின் எல்லைகள் விந்தையானவை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழகக் கரையோரத்திலும், மாகி கேரளத்திலும், ஏனாம் ஆந்திரத்திலும் உள்ளன. புதுச்சேரியைச் சூழ்ந்த பகுதியும் ஒரே பரப்பாக இல்லை. தமிழக ஊர்களுக்கிடையே துண்டு துண்டாய்ச் சிதறிக் கிடக்கின்றது. பிரெஞ்சியர் ஆண்ட காலத்தில் இத்துண்டுகளின் வரம்புகள் இரு நாடுகளின் எல்லைகளாக விளங்கின. இந்தியா விடுதலை பெற்றபின் அங்கே காவலும் சுங்கச் சோதனையும் கடுமையாயின. 1954ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது, அத்தொல்லையும் ஒழிந்தது.

எனினும், பன்னாட்டு எல்லையொன்று காரைக்கால் மீனவரின் வாழ்வை இன்றும் தொட்டு நிற்கின்றது. இந்தியாவும் இலங்கையும் 1974, 1976ஆம் ஆண்டுகளில் செய்த உடன்படிக்கைகளால் கடலில் வகுத்த எல்லை அது. நிலமாயின் கல் நடலாம், வேலி கட்டலாம். அலைமேல் எதனை நடுவது? இரவில் வலை விரித்த படகை நீரோட்டம் இழுத்துச் செல்லும். எல்லை கடந்தால் படகு பறிபோகும். மீனவர் சிறை புகுவர். கரையில் மனைவி மக்கள் கடனில் ஆழ்வர்.

இவ்விடத்தில்தான் செயற்கைக்கோள் துணைக்கு வருகின்றது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த 'நாவிக்' கோள்கள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இயங்குகின்றன. ஒவ்வொரு கோளும் தன் நேரத்தையும் இருப்பிடத்தையும் ஓயாது அறிவிக்கும். அவ்வலைகள் நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் விரைவில் பாய்ந்து வரும். நான்கு கோள்களின் அலைகள் வந்தடைந்த நேரத்தைக் கொண்டு, படகிலுள்ள கருவி தான் இருக்கும் இடத்தைக் கணிக்கின்றது. நேரத்தில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழை நேர்ந்தாலும், தொலைவில் 300 மீட்டர் பிழை வந்துவிடும். ஆதலால் கோள்களில் அணுக்கடிகாரங்கள் வைக்கப்பட்டுள்ளன.

2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயலின்போது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர் பலருக்கு எச்சரிக்கை எட்டவில்லை. கரையிலிருந்து வரும் கைப்பேசி அலை அத்துணைத் தொலைவு செல்லாது. அத்துயரத்திற்குப்பின் கோள்வழிச் செய்தி அனுப்பும் முயற்சிகள் வலுப்பெற்றன. கடலோர மாநிலங்களிலும் ஆட்சிப் பகுதிகளிலுமாக ஓர் இலட்சம் படகுகளுக்குக் கருவி பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பெற்றது. எல்லை நெருங்கினால் அக்கருவி எச்சரிக்கும், புயற்செய்தி தரும், இடருற்றவர் கரைக்குச் செய்தி விடுக்கவும் உதவும்.

எல்லை எங்கே என்பதைக் கருவி உரைக்கும்; ஆனால் மீன் எங்கே மிகுதி என்பதை மீனவர் முன்னரே அறிவர். கருவி ஒலிக்கும்போதும், வெறும் வலையோடு திரும்ப மனமின்றி அப்பாற் செல்வோர் உளர். அப்பாலுள்ள கடலை நம்பிப் பிழைப்பவரும் தமிழ் பேசும் மீனவரே. அவர்தம் வலைகள் விசைப்படகுகளால் அறுபடுவதும் உண்டு. இவ்வழக்கை விண்ணிலுள்ள கோள் தீர்க்க இயலாது. இரு கரையினரும் அமர்ந்து பேசியே தீர்க்க வேண்டும்.