பெரிய ஆல்டர்னேட்டர் போட்டால் பேட்டரி பிழைக்குமா?

நாமக்கல், சங்ககிரி பட்டறைகளில் ஆல்டர்னேட்டரை இன்னும் டைனமோ என்றே சொல்பவர்கள் உண்டு. பெயர் எதுவானால் என்ன, லாரியில் பேட்டரி நிற்கவில்லை என்று போய் நின்றால், "45 ஆம்பியரைக் கழற்றிட்டு 80 போட்டுருங்கண்ணே" என்ற யோசனை உடனே வந்துவிடும். சில வண்டிகளுக்கு அது சரியான வைத்தியம்தான். பல வண்டிகளுக்கு வீண் செலவு.

"ஆம்பியர் கூடினால் பல்ப், செட்டு எல்லாம் புகைந்துவிடும்"

புகையாது. ஆல்டர்னேட்டரில் எழுதியிருக்கும் ஆம்பியர் அதனால் தர முடிந்த உச்ச அளவு. கிணறு எத்தனை பெரிதானாலும் வாளி கொள்ளும் தண்ணீர்தானே மேலே வரும்? வோல்டேஜை 28க்குப் பக்கத்தில் பிடித்து வைப்பது ரெகுலேட்டரின் வேலை. பல்ப் அடிக்கடி போகிறதென்றால் அதைச் சோதிக்க வேண்டும். ரெகுலேட்டர் 45 ஆம்பியர் ஆல்டர்னேட்டரிலும் கெடும், 120லும் கெடும். பெரியது போட்டால் டீசல் கூடுதலாகக் குடிக்கும் என்பதும் இதே கணக்குதான்: லோடு கூடாமல் டீசல் கூடாது.

"80 என்று போட்டிருந்தால் எப்போதும் 80 வரும்"

அந்த 80, ஆல்டர்னேட்டர் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும்போது அளந்தது. லாரி இன்ஜின் ஐடிலில் 600, 700 சுற்றுதான் ஓடும். புல்லி அதை மூன்று மடங்காக்கினாலும் ஆல்டர்னேட்டருக்கு 2000 சுற்று கிடைத்தால் பெரிது. அந்த வேகத்தில் எழுதியிருப்பதில் பாதிகூட வராமல் போகலாம். சில பெரிய ஆல்டர்னேட்டர்கள் ஐடிலில் பழையதைவிடக் குறைவாகவே தரும். சுங்கச்சாவடியிலும் லோடு இறக்கும் இடத்திலும் மணிக்கணக்கில் ஐடிலில் நிற்கும் வண்டிக்கு வாங்குகிறவர் கேட்க வேண்டியது, "ஐடிலில் எவ்வளவு தரும்?" என்பதை.

"ஏசி கேபின் வந்துவிட்டது, பெரியது போட்டே ஆக வேண்டும்"

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம். கம்பெனி ஏசியின் கம்ப்ரஸர் இன்ஜின் பெல்ட்டில் ஓடுவது. மின்சாரம் கேட்பது ப்ளோயரும் ஃபேனும் கிளட்ச்சும் மட்டுமே, அதற்கான கணக்கும் வண்டி கட்டும்போதே போடப்பட்டிருக்கும். பிறகு தனியாக மாட்டும் பேட்டரி ஏசி வேறு ரகம். 1000 வாட் ஏசி 28 வோல்ட்டில் சுமார் 36 ஆம்பியர் இழுக்கும். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்தே 140 வாட், அதாவது 5 ஆம்பியர்தான். அந்த ஏசிக்குப் பெரிய ஆல்டர்னேட்டர் நியாயமான தேவை. ஆனால் இன்ஜினை அணைத்துவிட்டு ஏசி போட்டுத் தூங்கினால் எந்த ஆல்டர்னேட்டரும் உதவாது.

"ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் போகிறது, சார்ஜ் பத்தவில்லை"

நம் லாரிகளில் நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்துத்தான் 24 வோல்ட் கிடைக்கிறது. பாட்டு செட்டுக்கும் போன் சார்ஜருக்கும் 12 வோல்ட் வேண்டுமென்று நடுவிலிருந்து ஒரு வயரை இழுத்துவிடுகிறார்கள். லோடு ஒரு பேட்டரியின் தலையில் விழுகிறது. ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது கூட்டுத்தொகையான 28 மட்டும். அதற்குள் ஒன்று 13.2இலும் மற்றது 14.8இலும் இருந்தால் அது கண்டுகொள்ளாது. முதலாவது என்றும் அரைப்பட்டினி. மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகி, தண்ணீர் வற்றிச் சாகும். 120 ஆம்பியர் மாட்டினாலும் இந்தப் பங்கீடு மாறாது. இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியையும் தனித்தனியே மல்டிமீட்டரில் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசமென்றால் அந்த நடு வயரைப் பிடுங்கிவிட்டு, 24இலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் மாட்டுங்கள். பேட்டரி மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள்.

"ஓடும்போது டெர்மினலைக் கழற்றினால் டைனமோ லட்சணம் தெரிந்துவிடும்"

தெரியும், கூடவே டயோடும் ரெகுலேட்டரும் போகும். பேட்டரி இணைப்பு சட்டென்று அறுந்தால் வோல்டேஜ் ஒரு கணம் எகிறிவிடும். 2020க்குப் பிந்தைய பிஎஸ் 6 வண்டியில் ஈசியூவும் மாட்டும். நூற்றுக்கணக்கில் முடிகிற மல்டிமீட்டர் வேலைக்கு இந்த விபரீதம் எதற்கு?

"மவுண்ட் பொருந்தினால் மாட்டிவிடலாம்"

80 ஆம்பியர் முழுதாக வேலை செய்தால் சுமார் 2240 வாட். ஆல்டர்னேட்டரிலேயே வீணாகும் சூட்டையும் சேர்த்தால் இன்ஜினிலிருந்து ஐந்து குதிரைசக்தி வரை பெல்ட் வழியே போக வேண்டும். தளர்ந்த ஒற்றை பெல்ட் வழுக்கும், கீச்சிடும். வயரும் அப்படித்தான்: அதே வயரில் இருமடங்கு கரண்ட் போனால் சூடு நான்கு மடங்கு. ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் மெயின் கேபிள், ஃபியூஸ், இன்ஜினுக்கும் சேஸுக்கும் இடையிலான எர்த் மூன்றையும் புதிய அளவுக்கு மாற்றாதவர் ஆல்டர்னேட்டரை மட்டும் மாற்றக் கூடாது. பிஎஸ் 6 வண்டிகள் சிலவற்றில் சார்ஜிங்கை ஈசியூவே கட்டுப்படுத்தும். அதனோடு பேசத் தெரியாத ஆல்டர்னேட்டர் மாட்டினால் எச்சரிக்கை விளக்கு அணையாது.

சின்ன டீசல் வண்டிக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஏர் பிரேக் இல்லாத பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே வேக்கும் பம்ப் இருக்கும், பிரேக் பூஸ்டருக்கு உறிஞ்சுவது அதுதான். பம்ப் இல்லாத பெரிய ஆல்டர்னேட்டரை மாட்டி வண்டியை எடுத்தால் லைட் பளிச்சென்று எரியும். பிரேக் பெடல் கல்லாக இருக்கும்.