அழற்சியைக் காட்டும் இரும்புத் துகள்

கேள்வி: பக்கவாதம் வந்த அப்பாவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். மூளையில் அழற்சி இருந்தால் அதிலேயே தெரியுமா?

பதில்: வழக்கமான ஸ்கேனில் பாதித்த பகுதியும் வீக்கமும் தெரியும்; அழற்சி செல்கள் தனியாகத் தெரியாது. ரத்தம் கிடைக்காமல் செல்கள் மடிந்த சில நாட்களில், மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கும் செல்கள் அங்கே திரளும். மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களை ஊசி வழியே செலுத்தினால், மேக்ரோஃபேஜ்கள் அவற்றை விழுங்கும். ஓரிரு நாள் கழித்து எடுக்கும் ஸ்கேனில் அந்த இடத்தின் சிக்னல் மாறியிருக்கும். ஜெர்மானிய ஆய்வாளர்கள் நோயாளிகளிடமே இதைச் செய்து பார்த்து, 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆனால் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு கசிந்தாலும் துகள்கள் உள்ளே புகும் என்பதால், படத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

அழற்சி சேதத்தையும் கூட்டும். மடிந்த செல்களை அகற்றி ஆறவும் உதவும். எப்போது அதைத் தடுப்பது என்றறிய இத்தகைய ஸ்கேன் ஆய்வு உதவலாம். ஆனால் உங்கள் அப்பாவுக்கு இப்போது முக்கியம், மருத்துவர் சொன்ன மாத்திரையும் பிசியோதெரபியும்தான். விடாமல் தொடருங்கள்.