ஐந்து பேர் போனார்கள்



"நாம் சிலபேர்தானே, நம்மால் என்ன ஆகும்?" என்ற பேச்சு பங்குகளில் அடிக்கடி காதில் விழுகிறது. பாடகர் குழுவில் ஆள் குறைந்தாலும், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்க ஆள் தேடினாலும் இதே பேச்சுத்தான். இதற்கு மறுமொழியாக ஒரு சிறு நாட்டின் செய்தியை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

நாற்புறமும் இத்தாலி தேசம் சூழ, தித்தானோ என்னும் மலைமேல் சான் மரீனோ என்ற குடியரசு இருக்கிறது. அதன் பரப்பு 61 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறத்தாழ 34,000 பேர். தல்மாத்தியா நாட்டிலிருந்து வந்த மரீனுஸ் என்னும் கல்தச்சர் கி.பி. 301-ல் அதை ஏற்படுத்தினார் என்பது பரம்பரைச் செய்தி. செப்டம்பர் 3-ம் தேதி நினைவுகூரப்படும் அர்ச். மரீனுஸ் அவர்தாம்.

இந்நாட்டு வீரர்கள் முதன்முதல் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்றது 1960-ல், ரோமாபுரிக்கு. பதக்கம் கிடைக்கவில்லை. பின்னும் போனார்கள், வெறுங்கையோடு திரும்பினார்கள். 2012-ல் லண்டன் மாநகரில், வானில் பறக்கும் களிமண் தட்டைத் துப்பாக்கியால் உடைக்கும் போட்டியில், அலெஸ்ஸாந்திரா பெரில்லி என்ற பெண் வேறு இருவரோடு இரண்டாம் இடத்தில் சமமாக நின்றார். பதக்கம் மீதி இரண்டு, ஆள் மூவர். மறுபடி சுட்டபோது அவரே நான்காமிடத்துக்குத் தள்ளப்பட்டார்.

2020-ம் ஆண்டுக்குரிய ஒலிம்பிக் பந்தயம் கொள்ளைநோயின் நிமித்தம் 2021-ல் தோக்கியோவில் நடந்தது. சான் மரீனோ அனுப்பியது ஐந்தே பேரை. பெரில்லி வெண்கலம் பெற்றார். 61 ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் முதற் பதக்கம் அது! பிறகு ஜான் மார்க்கோ பெர்த்தியோடு சேர்ந்து வெள்ளியும் பெற்றார். ஸ்பெயின் உடைத்த தட்டுகள் 41, இவர்கள் உடைத்தவை 40. மல்யுத்தத்தில் மைல்ஸ் அமீன் மற்றொரு வெண்கலம் வென்றார். அதுவரை ஒலிம்பிக் பதக்கம் பெற்ற நாடுகளுள் மக்கள் தொகையில் மிகச் சிறியது இதுவே.

இதில் நமக்குள்ள பாடம் யாது? பெருங்கூட்டத்தில் ஒருவன் ஒதுங்கினால் தெரியாது. ஐவரில் ஒருவன் ஒதுங்கினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே நாம் சிலபேர் என்பது விலகியிருக்கச் சாக்கல்ல. ஒவ்வொருவரும் வந்தே ஆகவேண்டும் என்பதற்குக் காரணம். 1960-ல் போனவர்கள், "நம்மால் ஆகாது" என்று வீட்டிலிருந்திருந்தால் 2021-ல் போக வழி ஏது?

ஐவரில் பதக்கம் பெறாத இருவரையும் மறவாதீர்கள். ஒருவர் நீச்சல் வீராங்கனை, மற்றவர் ஜூடோ வீரர். அவர்களும் அதே கொடியின்கீழ்ப் போராடியவர்கள். உலகம் பதக்கத்தை எண்ணுகிறது. சேசுநாதர் சுவாமியோ, காணிக்கைப் பெட்டியருகே உட்கார்ந்து, ஏழை விதவையின் இரண்டு காசை எல்லாவற்றிலும் மேலாக மதித்தார். அர்ச். சின்னப்பரும் பந்தய வீரரின் வாடிப்போகும் முடியைக் காட்டி, வாடாத முடிக்காக ஓடும்படி கொரிந்தியருக்குப் புத்தி சொல்கிறார்.

இவ்வாரத் தீர்மானம்: "ஆள் இல்லை" என்று நம் கோவிலில் நின்றுபோன ஒரு காரியத்தை நினைத்துப் பாருங்கள். மற்றவர் வரட்டும் என்று காத்திராமல், வருகிற ஞாயிறு பூசைக்குப் பின் உங்கள் பெயரைக் கொடுங்கள்.

உங்கள் பங்குக் குரு